வாறுகால் முதல் கண்மாய் வரை

நுழையும்முன்

தெருவின் அடியில் புதைக்கப்படும் குழாய், மண் மூடிய நாளுக்குப்பின் எவர் கண்ணிலும் படுவதில்லை. எனினும், அத்தெருவில் வாழ்வோரின் மழைக்காலம் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு எவ்வாறு அமையும் என்பதை அதுவே முடிவுசெய்கிறது. மழைநீர் வடிகாலுக்குரிய பெருங்குழாயை எந்தப் பொருளால் அமைப்பது? இந்தப் பொறியியல் வினாவைக் கரிசல் மண்ணின் நகரமாகிய சிவகாசியை முன்னிறுத்தி விளக்குகிறது இப்பாடம்.

வறண்ட ஊரில் வெள்ளம்

விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த நிலப்பகுதி. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் அளவே. இந்த வறட்சியே சிவகாசியின் தொழில்களுக்குத் துணையாயிற்று. 1922ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிவைத்த முயற்சி, பின்னர்ப் பட்டாசாகவும் அச்சுத் தொழிலாகவும் கிளைத்தது. தீக்குச்சிக்கும் வெடிமருந்துக்கும் தாளுக்கும் உலர்ந்த காற்று வேண்டும். அதனை அந்நிலம் குறைவின்றி வழங்கியது.

ஆனால், வறண்ட ஊரில் வெள்ளம் வாராது என்பது பிழையான எண்ணம். ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தின் சில நாள்களில், சில மணி நேரத்தில் கொட்டித் தீர்கிறது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் அண்டை மாவட்டமான தூத்துக்குடியின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தென்மாவட்டத்தின் ஓராண்டு மழையை விஞ்சிய அளவு ஒரே நாளில் பெய்தது. ஆண்டுச் சராசரியை மட்டும் பார்த்து வடிகால் அமைப்பது எத்துணைத் தவறு என்பதை இந்நிகழ்வு காட்டியது.

ஓலைக்கூரையும் மண்முற்றமும் இருந்த காலத்தில் மழையின் ஒரு பகுதியை நிலமே உறிஞ்சிக்கொண்டது. இன்று தளம் போட்ட மாடிகளும் சிமெண்டுச் சாலைகளும் ஏறத்தாழ எல்லா நீரையும் தெருவுக்கே தள்ளுகின்றன. தென்மாவட்ட மக்கள் 'வாறுகால்' என வழங்கும் தெருவோர வடிகால் நிரம்பியதும், நீர் வாசற்படி ஏறுகிறது. வீட்டிலிருந்தபடியே பெட்டி ஒட்டியும் தாள் மடித்தும் கூலி பெறும் குடும்பத்துக்கு, நனைந்துபோன ஒரு கட்டு அட்டை என்பது இழந்துபோன ஊதியம். பட்டாசுத் தொழிற்கூடங்களில் இழப்பு இதனினும் கொடியதாகலாம். அலுமினியப் பொடி கலந்த வெடிமருந்துக் கலவையில் ஈரம் புகுந்தால், வேதிவினையால் வெப்பம் தோன்றித் தீப்பற்றும் இடருண்டு. நெருப்பை அணைக்கும் நீரே அங்கு நெருப்புக்கு வித்தாகிவிடும்.

எனவே, தெருவில் விழும் நீரை விரைந்து அகற்றும் வழி வேண்டும். 2021ஆம் ஆண்டில் திருத்தங்கலையும் இணைத்துக்கொண்டு மாநகராட்சியாக உயர்ந்த சிவகாசிபோல் வளரும் ஒவ்வொரு நகருக்கும் இத்தேவை உண்டு. குறுகிய தெருவில் திறந்த வாறுகாலை மேலும் அகலப்படுத்த இடமில்லாதபோது, நீரின் பாதை மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கேதான் குழாயின் தேர்வு தொடங்குகிறது.

சுருங்கையும் தூம்பும்

நிலத்தடி வடிகால் தமிழருக்குப் புதியதன்று. மறைவான நீர்வழியைக் குறிக்கும் 'சுருங்கை' என்னும் சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் பயில்கிறது. நீர் புகுந்து வெளியேறும் குழாயைத் 'தூம்பு' என்றனர். சிவகங்கை மாவட்டம் கீழடியில் நடந்த அகழாய்வில் சுடுமண் குழாய்களும் செங்கல் கட்டுமானத்தோடு அமைந்த வடிகால்களும் வெளிப்பட்டன. அதற்கும் முற்பட்ட மொகஞ்சதாரோவில் தெருவோரமாகச் செங்கல் வடிகால்கள் மூடியுடன் ஓடின.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரின் கழிவுநீர்க் கால்வாய்களை வடிவமைத்த ஜோசப் பசால்கெட், செங்கல்லையும் அக்காலத்தில் புதியதாயிருந்த போர்ட்லாந்து சிமெண்டையும் பயன்படுத்தினார். முட்டையின் குறுகிய முனை கீழே இருப்பதுபோன்ற குறுக்குவெட்டு அக்காலக் கால்வாய்களில் பரவலாக அமைந்தது. நீர் குறைவாக ஓடும்போதும் அடிப்பகுதி ஒடுங்கியிருப்பதால் வேகம் குறையாது; வண்டல் படியாது.

காலம் மாறினும் கைப்பொருளுக்கும் நிலத்துக்கும் நீருக்கும் ஏற்பவே வடிகால் அமைந்தது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

எவ்வளவு நீர் வரும்?

குழாயின் பொருளை எண்ணுமுன் அதன் அளவை அறிதல் வேண்டும். அதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பொறியாளர் தாமஸ் முல்வனி வகுத்த எளிய முறை இன்றும் பயன்படுகிறது. நிலப்பரப்பை எக்டேரிலும் மழைச்செறிவை மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்றும் கொண்டால், அதன் வடிவம் பின்வருமாறு அமையும்:

நீரளவு (நொடிக்குக் கனமீட்டர்) = வழிவுக்கெழு × மழைச்செறிவு × பரப்பு ÷ 360

வழிவுக்கெழு என்பது பெய்த மழையில் எத்தனை பங்கு வழிந்தோடும் என்பதைக் காட்டும் எண். வீடுகள் நெருங்கிய பகுதிக்கு இதனை 0.8 எனக் கொள்ளலாம். நான்கு எக்டேர் பரப்பின் நீர் ஒரு தெருவழியே வடிகிறது என்றும், மணிக்கு 50 மில்லிமீட்டர் செறிவில் மழை பெய்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 0.8, 50, 4 ஆகியவற்றைப் பெருக்கி 360ஆல் வகுத்தால் 0.444 கிடைக்கும். அதாவது, நொடிக்கு 444 லிட்டர். கோடையில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று, இவ்வேகத்தில் அரை நிமிடத்துக்குள் நிரம்பிவிடும்.

எந்தச் செறிவு மழையைக் கணக்கில் கொள்வது என்பது பொறியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. ஒன்றிய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற அலுவல்கள் அமைச்சகம் 2019ஆம் ஆண்டில் மழைநீர் வடிகாலுக்கெனத் தனிக் கையேடு வெளியிட்டது. பல்லாண்டு மழைப் பதிவுகளை ஆராய்ந்து, இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரத்தக்க மழை எனத் தேர்ந்து வடிவமைக்க வேண்டும் என்பது இத்துறையின் நெறி.

வழவழப்பின் கணக்கு

நீரளவு தெரிந்தபின், அதனைச் சுமக்கும் குழாயின் விட்டத்தைக் காணவேண்டும். ஒரு குழாய் எவ்வளவு நீரைக் கடத்தும் என்பது அதன் விட்டம், சரிவு, உட்சுவரின் சொரசொரப்பு ஆகிய மூன்றைப் பொறுத்தது. இவற்றை இணைக்கும் வாய்பாட்டை அயர்லாந்துப் பொறியாளர் இராபர்ட் மானிங் 1889ஆம் ஆண்டில் முன்வைத்தார். அவ்வாய்பாட்டில் சொரசொரப்பைக் குறிக்கும் எண் கான்கிரீட்டுக்கு 0.013, செங்கல் கட்டுக்கு 0.015, உட்புறம் வழவழப்பான நெகிழிக் குழாய்க்கு 0.010 முதல் 0.012 வரை, நெளிவுடைய எஃகுக் குழாய்க்கு ஏறத்தாழ 0.024. எண் குறையக் குறைய நீர் தடையின்றி ஓடும்.

மேற்கூறிய தெருவில் 400 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் சரிவு கிடைப்பதாகக் கொள்வோம். 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் குழாய் நொடிக்கு 307 லிட்டரையே கடத்தும், அது போதாது. 750 மில்லிமீட்டர் குழாய் 557 லிட்டரைக் கடத்தும், அது போதும். அதே 750 மில்லிமீட்டரில் நெளிவு எஃகுக் குழாயைப் பதித்தால், கொள்திறன் ஏறத்தாழ 300 லிட்டராகச் சுருங்கிவிடும். தேவையை நிறைவுசெய்ய 900 மில்லிமீட்டர் விட்டம் வேண்டியிருக்கும். விட்டம் பெருகினால் அகழியும் அகலும். குறுகிய தெருவில் அதற்கு இடமிராது. இவ்வாறு, பொருளின் தேர்வு அளவின் தேர்வையும் மாற்றிவிடுகிறது.

வேகத்துக்கும் எல்லையுண்டு. நீரின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழிறங்கினால் மணலும் வண்டலும் அடியில் தங்கும். 3 மீட்டரைக் கடந்தால் மணல் கலந்த நீர் குழாயின் உட்சுவரையே அரிக்கும். மேற்கண்ட 750 மில்லிமீட்டர்க் குழாய் நிறைந்தோடும்போது நீர் நொடிக்கு 1.26 மீட்டர் வேகத்தில் செல்லும். இது இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்டது.

தெரிந்து தெளிவோம்: சரிவும் பொருளும் மாறாதிருக்க, குழாயின் விட்டம் இருமடங்கானால் அதன் கொள்திறன் ஏறத்தாழ 6.35 மடங்காகும். ஆகவே, இரண்டு சிறு குழாய்களைவிடச் சற்றே பெரிய ஒரு குழாய் மிகுதியான நீரைக் கடத்தவல்லது.

பொருள்கள் ஐந்து

பெருவடிகாலுக்கு உரிய பொருள்களை ஐந்து வகையாகக் காணலாம்.

முதலாவது, செங்கல் கட்டு. வேண்டிய வடிவில் கட்டலாம். எனினும் பூச்சு உதிரும், இணைப்புகள் கசியும், கட்டி முடிக்க நாள் பிடிக்கும்.

இரண்டாவது, மெருகேற்றிய சுடுமண் குழாய். அமிலமும் காரமும் இதனை அணுகா. ஆனால், எளிதில் உடையும். பெரிய விட்டங்களில் பரவலாகக் கிடைப்பதில்லை. வீட்டு இணைப்புகளுக்கே இது ஏற்றது.

மூன்றாவது, வலுவூட்டிய கான்கிரீட் குழாய். ஆஸ்திரேலியாவின் வால்டர் ஹியூம் 1910ஆம் ஆண்டில், சுழலும் அச்சினுள் கான்கிரீட்டை இட்டு, மையவிலக்கு விசையால் இறுக்கிக் குழாயாக்கும் முறையைக் கண்டார். அதனால்தான் இன்றும் ஊர்மக்கள் இதனை 'ஹியூம் குழாய்' என்கின்றனர். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 458 என்னும் விதி இக்குழாயை வகைப்படுத்துகிறது. அழுத்தமின்றி நீர் ஓடும் குழாய்களில், இலகுவான போக்குவரத்துக்கு என்.பி.2, நடுத்தரப் போக்குவரத்துக்கு என்.பி.3, கனரகப் போக்குவரத்துக்கு என்.பி.4 எனப் பிரிவுகள் உண்டு.

நான்காவது, துத்தநாகம் பூசிய நெளிவு எஃகுக் குழாய். எடை குறைவு, வலிமை மிகுதி. ஆயினும், நனைந்தும் உலர்ந்தும் மாறிமாறி நிற்கும் அடிப்பகுதி துருப்பிடிக்கும். மணல் உரசிப் பூச்சுத் தேய்ந்தால் துரு விரைவாகும்.

ஐந்தாவது, உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன் குழாய். புறச்சுவர் நெளிவாகவும் அகச்சுவர் வழவழப்பாகவும் அமைந்த இரட்டைச் சுவர்க் குழாயே பெருவடிகாலுக்குப் பயன்படுவது. துருவும் அமிலமும் இதனைத் தின்னா. நீண்ட துண்டுகளாகக் கிடைப்பதால் இணைப்புகளும் குறைவு.

இவ்வைந்தில் எது சிறந்தது எனக் கேட்பதைவிட, எந்த மண்ணில், எந்தச் சுமையின்கீழ், எத்தகைய நீருக்கு எது பொருந்தும் எனக் கேட்பதே முறை.

விறைப்பும் நெகிழ்வும்

குழாயின்மேல் இருவகைச் சுமைகள் அழுத்துகின்றன. ஒன்று, மேலுள்ள மண்ணின் எடை. மற்றொன்று, தெருவில் ஓடும் வண்டிகளின் எடை. ஆழம் குறைந்தால் சக்கரத்தின் அழுத்தம் நேரடியாகத் தாக்கும். ஆழம் மிகுந்தால் மண்ணின் சுமை கூடும். அகழியில் புதைந்த குழாய் சுமக்கும் எடையைக் கணக்கிடும் கோட்பாட்டை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஆன்சன் மார்ஸ்டன் 1913ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இச்சுமையைத் தாங்கும் முறையில் குழாய்கள் இருவகைப்படும். கான்கிரீட்டும் சுடுமண்ணும் விறைப்பானவை. அவை தம் வலிமையால் சுமையைத் தாங்கும். எல்லை மீறினால் வெடிக்கும். எஃகும் பாலிஎத்திலீனும் நெகிழ்வானவை. அவை சுமையின்கீழ்ச் சற்றே தட்டையாகும். அப்போது இருபுறமும் விரிய முயலும் குழாயைப் பக்கத்து மண் அணைத்துத் தாங்கும். நெகிழ்குழாய் எவ்வளவு தட்டையாகும் என்பதைக் கணக்கிடும் வாய்பாட்டை மார்ஸ்டனின் வழியில் வந்த ஸ்பாங்லர் 1941ஆம் ஆண்டில் தந்தார். விட்டத்தில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் தட்டையாதல் கூடாது என்பது பொதுவான வரம்பு. 900 மில்லிமீட்டர்க் குழாயில் இது 45 மில்லிமீட்டர் ஆகும்.

விறைப்பான குழாய்க்கும் மண்ணின் துணை வேண்டும். உருண்ட அடியுடைய மண்பானையை வெறுந்தரையில் வைத்து நீர் நிரப்பினால் ஒரே புள்ளியில் எடை குவியும். பிரிமணையின்மேல் வைத்தால் அவ்வெடை பரவும். குழாயின் அடியில் இடும் படுக்கை, அதற்கு அமைந்த பிரிமணை. வெட்டிய தரையில் அப்படியே கிடத்திய கான்கிரீட் குழாய், ஆய்வுக்கூடத்தில் தாங்கிய சுமையைப்போல் 1.1 மடங்கையே களத்தில் தாங்கும். சரளைக் கற்களை நன்கு இறுக்கிய படுக்கையில் அதே குழாய் 1.9 மடங்கு தாங்கும். குழாய் மாறவில்லை, படுக்கை மாறியது. விலையுயர்ந்த குழாயை வாங்கிப் படுக்கையில் சிக்கனம் பார்ப்பது, வலிமையைக் காசு கொடுத்து வாங்கிக் குழியில் வீணாக்குவதாகும்.

கரிசலின் குணம்

சிவகாசிச் சுற்றுவட்டாரத்தின் கரிசல் மண்ணில் இப்படுக்கையின் தேவை இருமடங்காகிறது. கரிசலில் உள்ள களிமண் கனிமங்கள் நீரைக் குடித்துப் பருக்கும். நீரை இழந்து சுருங்கும். சித்திரையில் விரல்கள் புகுமளவு வெடித்துக் கிடக்கும் நிலமே ஐப்பசியில் குழைந்து உப்பும். இவ்வாறு ஆண்டுதோறும் மூச்சுவிடும் மண்ணில் கிடக்கும் குழாய் ஓரிடத்தில் உயர்ந்தும் மற்றோரிடத்தில் தாழ்ந்தும் அசையும். சிமெண்டுக் கலவையால் இறுக அடைத்த இணைப்புகள் அவ்வசைவில் பிளந்துவிடும். பிளவின்வழியே நீர் கசிந்து மண்ணை அரித்துச் செல்லும். பின்னொருநாள் சாலை திடீரென உள்வாங்கும்.

இதற்குத் தீர்வுகள் உண்டு. வெட்டி எடுத்த கரிசலை மீண்டும் குழாயைச் சுற்றி நிரப்பாமல், மணலும் சரளையும் கொண்டு நிரப்புதல் வேண்டும். இணைப்புகளில் இரப்பர் வளையம் பொருத்தினால், குழாய் சற்றே அசையினும் கசிவு நேராது. நெகிழ்குழாயைத் தேர்ந்தால் இந்த நிரப்புதலில் இன்னும் கவனம் தேவை. ஏனெனில், அதனைத் தாங்குவதே பக்கத்து மண்தான். ஈரத்தில் குழையும் கரிசல் அப்பொறுப்பை ஏற்காது. மண்ணில் சல்பேட்டு உப்பு மிகுந்திருந்தால் கான்கிரீட்டை அது உள்ளிருந்தே சிதைக்கும். அங்கு மண்ணை முன்னதாக ஆய்ந்து, சல்பேட்டைத் தாங்கும் சிமெண்டால் செய்த குழாயைப் பெறுதல் நன்று.

அமிலமும் நெருப்பும்

மழைநீர் வடிகாலில் மழைநீர் மட்டுமே ஓடவேண்டும். நடைமுறையில், வீட்டுக் கழிவுநீரும் பட்டறைக் கழிவும் அதில் இணைந்துவிடுகின்றன. மழையில்லாத மாதங்களில் அக்கழிவு தேங்கி அழுகும்போது, காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. குழாயின் மேல்வளைவில் படியும் அவ்வாயுவை வேறுவகை நுண்ணுயிரிகள் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. கான்கிரீட்டின் சுண்ணாம்புப் பொருள் அவ்வமிலத்தில் கரையும். கழிவுநீர் கலப்பதைத் தடுக்க இயலாத இடத்தில் பாலிஎத்திலீன் குழாயோ, உட்பூச்சு இட்ட கான்கிரீட் குழாயோ நெடுநாள் நிலைக்கும்.

அதே பாலிஎத்திலீனுக்கு வேறொரு பகையுண்டு. ஏறத்தாழ 130 பாகை செல்சியசில் அது உருகும், தீப்பட்டால் எரியும். வடிகாலின் திறந்த வாயில் குப்பையைக் குவித்துக் கொளுத்தும் வழக்கம் எவ்வூரிலும் காணத்தக்கது. தாளும் அட்டையும் மருந்துத் துகளும் குப்பையில் கலக்க வாய்ப்புள்ள பட்டாசு நகரத்தில் இவ்வச்சம் மிகுதி. வாயில் பற்றிய தீ குழாயினுள் பரவினால், மேலிருக்கும் சாலை ஆதரவின்றித் தொங்கும். எனவே, நெகிழிக் குழாய் பதிக்கும் இடங்களிலும் அதன் தொடக்கமும் முடிவும் கான்கிரீட் சுவரோடும் கான்கிரீட் குழாய்த் துண்டோடும் அமைதல் பாதுகாப்பானது.

எடையும் தெருவும்

900 மில்லிமீட்டர் உள்விட்டமும் 100 மில்லிமீட்டர் சுவர்க்கனமும் உடைய கான்கிரீட் குழாயின் எடை மீட்டருக்கு ஏறத்தாழ 750 கிலோகிராம். இரண்டரை மீட்டர்த் துண்டு ஒன்று இரண்டு டன்னை நெருங்கும். இதனைத் தூக்கி இறக்கப் பாரந்தூக்கி வேண்டும். பாரந்தூக்கி நுழையாத சந்துகளில், சிலர் கூடிக் கையாளத்தக்க நெகிழிக் குழாய் கைகொடுக்கும்.

எடை குறைவே தொல்லையாவதும் உண்டு. 1100 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள இக்குழாய் முழுவதும் நீரில் மூழ்கினால், மீட்டருக்கு 950 லிட்டர் நீரை விலக்கும். அந்நீரின் எடைக்குச் சமமான விசை குழாயை மேல்நோக்கித் தள்ளும். மூடப்படாத அகழியில் மழைநீர் புகுந்தால், வாய் அடைத்த கான்கிரீட் குழாயே அசைந்துகொடுக்கும். இலேசான நெகிழிக் குழாயோ ஓடம்போல் மிதந்துவிடும். ஆகவே, பருவமழைக்கு முன்பே பணியை முடித்து மேல்மண்ணை இறுக்கி மூடுதல் வேண்டும். ஐப்பசியில் அகழி வெட்டத் தொடங்குவது பணியையும் பணத்தையும் நீரில் விடுவதற்கு ஒப்பாகும்.

வட்டமா, பெட்டியா?

2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்துக்குப்பின் சென்னையில் விரிவுபடுத்தப்பட்ட வடிகால்களில் பெரும்பாலானவை வட்டக் குழாய்கள் அல்ல. கான்கிரீட்டால் ஆன பெட்டி வடிவ வடிகால்கள். ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு கொசஸ்தலையாற்றுப் படுகையில் மேற்கொள்ளப்பட்ட திட்டம் இதற்குச் சான்று. கடல்மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்த சமவெளியில் ஆழமாகத் தோண்டினால் வடிகாலின் முடிவிடம் ஆற்றுநீரின் மட்டத்துக்கும் கீழே சென்றுவிடும். ஆழம் குறைந்த இடத்தில் அகலத்தைப் பெருக்கிக்கொள்ளப் பெட்டி வடிவம் உதவுகிறது. மேற்பலகையை நீக்கித் தூர்வாரவும் இயலும்.

கடற்கரையிலிருந்து விலகி உள்நாட்டில் அமைந்த சிவகாசியில் கடல்மட்டத்தின் இடையூறு இல்லை. எனினும், வடிகால் சென்று சேரும் ஓடையின் மட்டமும் கண்மாயின் நீர்மட்டமும் அங்கு அதே பங்கை வகிக்கின்றன. கண்மாய் நிறைந்த நாளில் அதன் நீர்மட்டத்துக்குக் கீழே வாய் வைத்த குழாய், நீரை வெளியேற்றாது. தெருவுக்கே திருப்பி அனுப்பும். பொருளையும் வடிவத்தையும் முடிவுசெய்யுமுன் முடிவிடத்தின் மட்டத்தை அளந்தறிதல் இன்றியமையாதது.

தேர்வின் நெறி

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால் தேர்வின் ஒழுங்கு தெளிவாகும். பாரவண்டிகள் ஓடும் அகன்ற சாலையில், சரளைப் படுக்கையும் இரப்பர் வளைய இணைப்பும் கொண்ட என்.பி.4 வகைக் கான்கிரீட் குழாய் ஏற்றது. பாரந்தூக்கி செல்ல இயலாத, கழிவுநீர் கலக்கும் குறுந்தெருவில், மணல் நிரப்பி இறுக்கிய நெகிழிக் குழாய் பொருந்தும். மேல்மண்ணுக்கு ஆழம் கிடைக்காத தாழ்பகுதியில் கான்கிரீட் பெட்டி நன்று. ஒரே நகரின் மூன்று இடங்களுக்கு மூன்று விடைகள் அமைவதில் முரண்பாடு இல்லை.

விலையை ஒப்பிடும்போதும் குழாயின் விலையை மட்டும் எடுத்தல் போதாது. படுக்கை, அகழி, இணைப்பு, தூர்வாரும் செலவு, மீண்டும் சாலை போடும் செலவு, குழாய் உழைக்கும் ஆண்டுகள் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். இருபது ஆண்டில் பழுதாகும் மலிவான குழாய், எழுபது ஆண்டு உழைக்கும் குழாயைவிட விலைமிக்கது.

மனிதர் இறங்கா வடிகால்

தவறான தேர்வின் விலையைப் பணத்தால் மட்டும் அளந்துவிட முடியாது. சரிவு போதாத குழாயில் வண்டல் அடையும். பிளந்த இணைப்பில் வேர் நுழையும். தட்டையான குழாயில் குப்பை சிக்கும். அடைப்பு நேர்ந்த இடத்தில், கழிவும் நச்சுவாயுவும் தேங்கிய குழிக்குள் ஒரு மனிதரை இறக்கும் கொடுமை நிகழ்ந்திருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்த குழிக்குள் சில மூச்சுகளிலேயே நினைவு தப்பும். காப்பாற்ற இறங்குபவரும் மீளாமற்போவதுண்டு. கழிவுநீர்க் குழாய்களையும் தொட்டிகளையும் உரிய பாதுகாப்பின்றி மனிதரைக்கொண்டு தூய்மைசெய்வதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் ஏட்டில் மட்டும் நில்லாமல் தெருவிலும் நிலைபெற, தானே தூய்மையாகும் வேகமுள்ள வடிகாலும் எந்திரம் நுழைந்து தூர்வாரத்தக்க குழிகளும் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். நல்ல குழாய் என்பது, எந்த மனிதரும் உள்ளே இறங்க வேண்டிய தேவையை உண்டாக்காத குழாய்.

கரிசல் நிலத்தின் முன்னோர் நீரை விரட்டியதில்லை, வழிகாட்டி அழைத்துச்சென்றனர். வாறுகாலிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து கண்மாய்க்கும், அது நிறைந்தபின் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்கும் நீர் நடந்தது. எஞ்சியது வைப்பாற்றைச் சேர்ந்தது. முன்னர்க் கணக்கிட்ட நான்கு எக்டேர் பரப்பில் ஒரு மணி நேரம் பெய்த மழை, தெருவுக்குத் தருவது பதினாறு இலட்சம் லிட்டர் நீர். கழிவு கலவாத வடிகால்வழியே அது கண்மாயை அடைந்தால், 130 தண்ணீர் லாரிகளுக்கு மேற்பட்ட நீர் ஊருக்கே மிஞ்சும். கழிவு கலந்து சென்றால் அதே நீர் கண்மாயைக் கெடுக்கும்.

தெருவுக்கடியில் எந்தக் குழாயைப் பதிப்பது என்னும் வினா, இவ்வாறு வாசற்படியில் தொடங்கிக் கண்மாய்க்கரையில் முடிகிறது. மண்ணையும் நீரையும் சுமையையும் அளந்து, உழைக்கும் மனிதரின் உயிரையும் எண்ணிச் செய்யும் தேர்வே முறையான தேர்வாகும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் தெருவில் விழும் மழைநீர் எவ்வழியாகச் சென்று எந்த நீர்நிலையைச் சேர்கிறது என்பதைக் கண்டறிந்து வரைபடமாக வரைக.

2. இரண்டு எக்டேர் பரப்பில் மணிக்கு 60 மில்லிமீட்டர் செறிவில் மழை பெய்தால், வழிவுக்கெழு 0.75 எனக்கொண்டு, நொடிக்கு எத்தனை லிட்டர் நீர் வடியும் எனக் கணக்கிடுக.

3. வாறுகால், ஓடை, கண்மாய், மடை, கலுங்கு போன்று உங்கள் வட்டாரத்தில் நீர்வழி தொடர்பாக வழங்கும் சொற்களைத் தொகுத்துப் பொருள் எழுதுக.

4. 'மழைநீர் வடிகாலில் கழிவுநீரை இணைத்தல் கூடாது' என்னும் தலைப்பில் உள்ளாட்சி மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள் கடிதம் எழுதுக.